கால்நடைகளின் மீது ஒரு குற்றச்சாட்டு

உலகம் வெப்பமடைவதற்கு ஆடுமாடுகளும் காரணம் என்ற பேச்சு இப்பொழுது எங்கும் கேட்கிறது. இதைக் கேட்டுச் சிரிப்போரும் உண்டு, சினப்போரும் உண்டு. இரண்டும் தவறு என்பது நமது அபிப்பிராயம். அசைபோடும் பிராணிகளின் பெரிய இரைப்பையில் தட்டும் புல்லும் நுண்ணுயிர்களால் புளிக்கும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. அது பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளிப்படுகிறது. நூறு வருஷக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும் சக்தி அதற்கு உண்டு. 2019-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் நமது தேசத்தில் மாடுகள் 19 கோடிக்கு மேல். எருமைகள் ஏறக்குறைய 11 கோடி. ஆகவே குற்றச்சாட்டை அடியோடு தள்ளிவிட முடியாது.

ஆனால் சாட்சியம் எங்கே? சொந்த அளவீடு இல்லாத தேசங்களுக்கென்று சர்வதேச நிபுணர் குழு 2006-இல் பொது எண்களை வகுத்தது. மேற்கு ஐரோப்பியக் கறவை மாட்டுக்கு வருஷம் 117 கிலோ. இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 58 கிலோ. வளரும் நாடுகளின் செம்மறிக்கு 5 கிலோ. ஓமலூர்ப் பக்கத்து மேட்டாங்காட்டில் காய்ந்த புல்லைத் தேடி மேயும் மேச்சேரி ஆட்டுக்கும், நாமக்கல்லில் சோளத்தட்டும் கடலைக்கொடியும் தின்னும் கறவைக்கும் இந்தச் சராசரி அப்படியே பொருந்துமென்று யார் உறுதி கூறுவார்?

மேயும் பிராணியை அளப்பது அசாத்தியமன்று. ஸல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்ற வாயுவைத் தெரிந்த வேகத்தில் கசியவிடும் சிறு குழாயை இரைப்பையில் செலுத்துகிறார்கள். கழுத்தில் மாட்டிய, காற்று நீக்கிய கலம் ஒரு பகலும் இரவும் மூக்கருகே வரும் மூச்சைச் சேர்க்கிறது. இரு வாயுக்களின் விகிதத்தைக் கொண்டு மீத்தேன் கணக்காகிறது. பிராணியைக் கூண்டில் அடைக்க வேண்டுவதில்லை. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்ட நிலையத்தார் இத்துறையில் உழைத்து, மீத்தேனைக் குறைக்கும் 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையையும் கண்டிருக்கின்றனர்.

இதில் குடியானவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தின்ற தீவனத்தின் சக்தியில் நூற்றுக்கு ஆறேழு பங்கு இவ்வாயுவாய் வீணாகிறது. அது பாலாகவும் சதையாகவும் மாற வேண்டிய அவனது முதல்.

2021-இல் கிளாஸ்கோவில் எழுந்த மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. ஏழையின் ஒற்றைப் பசுவைப் பெருஞ்செல்வரின் பண்ணையோடு ஒப்பிடலாகாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் கணக்கில்லாத வாதம் சபையில் எடுபடாது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நமது காட்டில், நமது ஆட்டின் கழுத்தில் அந்தக் கலம் ஏறட்டும். சர்க்கார் அதற்குப் பொருள் ஒதுக்க வேண்டும். நமது பிரதிநிதிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.