அரக்கு மாளிகையில் ஒரு குட்டிக் கார்!

'லாக்கர்' என்றதும் பேங்க்கும், அதற்குள் தூங்கும் மனைவியின் நகையும் ஞாபகத்துக்கு வந்தால் நீங்கள் ஒரு சராசரி ஆபீஸ் ஆசாமி. தப்பில்லை. ஆனால் இது வேற லாக்கர். சாவி கிடையாது, மூடிதான். திறந்தால் குப்பென்று ஒரு நெடி! காருக்கு அடிக்கிற பெயிண்ட். அதுவும் எந்தக் கார்? உள்ளங்கையில் உட்காருகிற பிளாஸ்டிக் கார்.

'சின்னப் பசங்க சமாச்சாரமாச்சே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது மீசை முளைத்தவர்கள் விளையாட்டு. டாமியா, ஹசெகாவா, ரெவெல் போன்ற கம்பெனிகள் நிஜக் காரை 24-ல் ஒரு பங்காகச் சுருக்கி, பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து விற்கின்றன. ஒட்டி, பெயிண்ட் அடித்து, காராக்குவது உங்கள் பாடு. நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. ஃபோம் ஷீட்டை வெட்டி, தாங்கள் ஏறிப் போகும் பஸ்ஸை அச்சு அசலாக மினியேச்சராகச் செய்கிறார்களே இளைஞர்கள், அதேதான். காரோ பஸ்ஸோ, ஒட்டுகிற வரைக்கும் எல்லோரும் கெட்டிக்காரர்கள். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போதுதான் சாயம் வெளுக்கிறது!

எங்கள் சமயநல்லூர், மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற நாலு வழிச் சாலையில் இருக்கிறது. லாரியும் காரும் ஓயாமல் ஓடும் ரோடு. ஓடினால் இடிக்கும், இடித்தால் ஒடுங்கும், ஒடுங்கினால் டிங்கரிங். ஆகவே பெயிண்டர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவர், முப்பது வருஷமாக ஸ்ப்ரே கன் பிடித்த கை, எனக்கு அண்ணன் முறை மாதிரி. 'குட்டிக் காருக்கு எப்படிண்ணே பெயிண்ட் அடிக்கிறது?' என்று கேட்டதற்கு, 'பெரிய காருக்கு அடிக்கிற மாதிரிதான் தம்பி. ஆனா இதுல தப்பு பண்ணா பெரிசாத் தெரியும்' என்றார். ஒரு வரியில் முழு சிலபஸ்!

டூகோ வந்த கதை

லாக்கர் என்ற வார்த்தையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? நம்ம நாட்டு 'லாக்', அதாவது அரக்கில்! பாண்டவர்களைக் கொளுத்த துரியோதனன் கட்டினானே அரக்கு மாளிகை, அதே அரக்கு. பிறகு பெயர் மட்டும் நின்றது, சரக்கு மாறிவிட்டது.

மாற்றியது கார். அந்தக் காலத்தில் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் 'மாடல் டி' 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு கலரில் வரவில்லை. 1923-ல் அமெரிக்காவின் ட்யூபான்ட் கம்பெனி 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொடுக்க, ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் அடித்துக் காட்டியது. வாரக்கணக்கு மணிக்கணக்கானது. கலர் கலராகக் கார் வந்தது. நம் ஒர்க்‌ஷாப்புகளில் 'டூகோ' என்றும் 'என்.சி.' என்றும் புழங்குவது அந்த வம்சம்தான். தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும். மேலே அடுத்த கோட் விழுந்தால் கீழ்க்கோட் கொஞ்சம் இளகி, இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஊத்தாப்பமா, பேப்பர் ரோஸ்ட்டா?

மாடல் காருக்கு எனாமலும் அடிக்கலாம், தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக்கும் அடிக்கலாம். எனாமல் காய நாள் கணக்காகும். அதற்குள் வீட்டுத் தூசியெல்லாம் வந்து குடியேறிவிடும். அக்ரிலிக்கில் நெடி குறைவு, சாதுவான பிள்ளை. ஆனால் பாலிஷ் போட்டால் லாக்கர் அளவுக்குத் தாங்காது.

லாக்கரின் பெரிய பலம் மெல்லிய படலம். நான் பி.காம். என்பதால் ஒரு சின்னக் கணக்கு. கம்பெனியிலிருந்து வரும் நிஜக் காரில் பெயிண்ட்டின் கனம் சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதே கனத்தை 24-ல் ஒரு பங்குக் காரில் அடித்தால்? நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பியதற்குச் சமம்! கதவு இடுக்கு தூர்ந்துவிடும். கம்பெனிப் பெயர் எழுத்து அமுங்கிவிடும். கார், சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும்.

ஆக, நமக்கு வேண்டியது ஊத்தாப்பம் இல்லை. பேப்பர் ரோஸ்ட்!

எதை வாங்குவது?

இரண்டு வழி. ஒன்று, மாடலுக்கென்றே ஜப்பானிலிருந்து வரும் 'மிஸ்டர் கலர்', டாமியாவின் 'எல்.பி.' வரிசை. பாட்டில் 10 மில்லிதான். மூக்குப்பொடி டப்பா சைஸைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தின்னர் கலந்தால் இரண்டு மூன்று மடங்காகும். ஒரு காருக்குத் தாராளம்.

இரண்டாவது, ஆட்டோமொபைல் பெயிண்ட் கடை. கார் கலர் கோடைச் சொன்னால் கலந்தே தருவார்கள். இங்கேதான் உஷார். மாடல் கார் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதன் உப்பிப்போன ஒன்றுவிட்ட சகோதரன்தான் தெர்மாகோல். ஆமாம், 2017-ல் நம்ம வைகை அணையில் மிதந்து அகில இந்தியப் புகழ் பெற்றதே, அதே தெர்மாகோல்! அதன் மேல் தின்னர் ஊற்றினால் என்ன ஆகும்? கரைந்து காணாமல் போகும். ஒர்க்‌ஷாப் தின்னரை மாடல் காரில் நேராக, ஈரமாக அடித்தால் அவ்வளவு வேகமாக இல்லாவிட்டாலும் பிளாஸ்டிக் வெடித்துச் சுருங்கும். முதலில் பிரைமர், அதன் மேல் மெல்லிசாகக் கலர் என்றால் தப்பிக்கலாம். மாடலுக்கென்று வரும் தின்னர் இன்னும் பத்திரம்.

சந்தேகமா? ஜிகர்தண்டா கடையில் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்பூனைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் அடித்துப் பாருங்கள். அப்புறம், கார் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். இரண்டிலும் பாஸானால் காருக்குப் போங்கள்.

மெட்டாலிக் கலரில் இன்னொரு வில்லங்கம். நிஜக் கார் பெயிண்ட்டில் மின்னுகிற துகள், குட்டிக் காரில் 24 மடங்கு பெரிதாகத் தெரியும். வெள்ளி நிற மாருதி, கரகாட்டக் கிரீடம் மாதிரி ஜொலிக்கும். மெட்டாலிக் வேண்டுமென்றால் மாடல் பெயிண்ட்டே உத்தமம்.

டிக்கிக் கதவைத் திற!

நண்பர் ஒருவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். அவர் அப்பா அம்பாஸடர் டாக்ஸி ஓட்டியவர். அப்பாவும் இல்லை, வண்டியும் கைமாறிப் போச்சு. அந்த ரகக் காரே இப்போது வருவதில்லை. உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதம் அம்பாஸடர் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பொம்மைக் கடையில் ஒரு பிளாஸ்டிக் அம்பாஸடர் வாங்கி, அப்பா வண்டியாக மாற்ற வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. வண்டி வெள்ளைதான். ஆனால் எந்த வெள்ளை? பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா, லேசாகப் பழுப்பு ஏறிய வெள்ளையா?

போட்டோவை எடுத்துக்கொண்டு நம்ம பெயிண்டர் அண்ணனிடம் போனோம். அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'போட்டோவை நம்பாத தம்பி. பிரிண்ட் வெளுத்திருக்கும். பழைய வண்டி எங்கயாவது நின்னா, டிக்கிக் கதவைத் திறந்து கீல் பக்கம் பாரு. வெயில் படாத எடம். அதுதான் வண்டி பொறந்த கலரு.'

வாங்கியவரைத் தேடிப் பிடித்தார் நண்பர். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சக்கரம் இல்லாமல் நின்றது வண்டி. டிக்கியைத் திறந்து கீல் பக்கம் பார்த்தால், மோரில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விட்ட மாதிரி ஒரு வெள்ளை! வெள்ளையில் துளி மஞ்சள், அதைவிடத் துளி கறுப்பு, ஸ்பூன் ஸ்பூனாக அடித்து ஒப்பிட்டு, ஒன்பதாவது ஸ்பூனில் கலர் விழுந்தது.

முடித்து வீட்டில் வைத்தார். அவர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'நம்பரு எழுதலையாப்பா?' என்றாராம். அதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும்?

அடிக்கிற விதம்

முதலில் பாடியைப் பாத்திரம் விளக்கும் சோப்பால் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும், உங்கள் விரலின் வடைப் பசையும் போகட்டும். அச்சுக் கோடுகளை 600-ம் நம்பர், அப்புறம் 1000-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். பிறகு பிரைமர். சிவப்பு, மஞ்சளுக்கு வெள்ளை பிரைமர்; மற்றதற்குச் சாம்பல்.

அடிக்கும் கருவி ஏர்பிரஷ். பேனா மாதிரி பிடிக்கலாம். 'டபுள் ஆக்‌ஷன்' ரகம் வாங்குங்கள்: பொத்தானை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். நிஜக் கார் கன்னின் துளை 1.3, 1.4 மில்லிமீட்டர் என்றால் இதற்கு 0.3 முதல் 0.5 வரை போதும். காற்று 15 முதல் 20 பி.எஸ்.ஐ. சைக்கிள் டியூபுக்குக்கூட இதைவிட அதிகம் வேண்டும்! தொட்டி வைத்த சின்ன கம்ப்ரஸர் என்றால் காற்று விட்டுவிட்டு வராது.

பெயிண்ட் ஒரு பங்கு, தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. பால் பதம். கப்பில் சாய்த்தால் பால் மாதிரி வழிந்து, மெல்லிய படலம் விட வேண்டும். தயிர் பதமென்றால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும். மோர் பதமென்றால் ஒழுகும்.

நாலு அங்குல தூரம். காருக்கு வெளியே பொத்தானை இழுத்து, காரைக் கடந்து, அந்தப் பக்கம் வெளியே போய் விட வேண்டும். முதல் கோட், கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி. கீழே பிரைமர் தெரியத்தான் செய்யும். அங்கேதான் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். கூடாது! பத்து, பதினைந்து நிமிஷம் விட்டு இரண்டாவது, மூன்றாவது. கடைசிக் கோட் மட்டும் ஈரப் பளபளப்பு வருகிற அளவு. பிறகு ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், தூசி விழாது. சில நாள் காய்ந்த பிறகு க்ளியர் கோட், அப்புறம் பாலிஷ்.

வெயிலும் மழையும்

மதுரைச் சித்திரை வெயிலில் உச்சி நேரத்தில் அடித்தால், பெயிண்ட் காருக்குப் போய்ச் சேரும் முன்பே பாதி வழியில் காய்ந்துவிடும். தொட்டால் பவுடர்! ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கதை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஜில்லென்ற கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் வெளியே வியர்க்கிறதே, அதே மாதிரி காற்றின் ஈரம் பெயிண்ட்டில் படிந்து, கறுப்புக் காரில் வெள்ளைப் புகை பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் 'ரிடார்டர்' சில சொட்டு இரண்டுக்குமே கைகொடுக்கும். அதைவிட நல்ல மருந்து: வெயிலில் காலை எட்டு மணிக்குள் அடிப்பது, மழை நாளில் அடிக்காமலே இருப்பது.

யார் மூக்கு?

இனி சீரியஸ். நம்மில் பலர் இருப்பது ஒற்றைப் படுக்கையறை வீடு. கதவைச் சாத்திக்கொண்டு லாக்கர் அடித்தால், அந்த ஆவியை உங்களோடு சேர்ந்து மனைவியும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும்தான் சுவாசிக்கிறார்கள். தலைவலி, மயக்கத்தில் ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் நரம்பையும் ஈரலையும் பதம் பார்க்கும். துணி மாஸ்க்கும் சரி, கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 மாஸ்க்கும் சரி, தூசியைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய, ஆவிக்கென்றே உள்ள மாஸ்க் வேண்டும். 'ஹார்ட்னர்' கலந்து அடிக்கும் கார் க்ளியர் கோட்டை வீட்டில் தொடவே தொடாதீர்கள். அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே கொண்டுவரும்.

அப்புறம் நெருப்பு. அரக்கு மாளிகை சும்மா எரியவில்லை! தின்னர் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்திச் சுருள், பக்கத்து வீட்டு மாமாவின் பீடி, எது கிடைத்தாலும் போதும். மொட்டை மாடி, காற்றோட்டம், பக்கத்தில் நெருப்பில்லை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அன்றைக்கு லீவு. மாடி வசதியே இல்லாதவர்கள் அக்ரிலிக்குக்குப் போங்கள். பளபளப்பு கொஞ்சம் குறையும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

என் அண்ணன் முறைப் பெயிண்டர், சின்ன வயசில் மூக்கில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு அடித்தவர். இப்போது இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். 'கலரு காருக்குப் போகணும் தம்பி, நெஞ்சுக்குப் போகக் கூடாது' என்கிறார். அவர் ஷெட்டில் வேலை பழகும் பையன், மாஸ்க் இல்லாமல் கன்னைத் தொட முடியாது.

எல்லாம் முடிந்து கார் ஷோகேஸ் ஏறிவிட்டதா? வாழ்த்துக்கள்! பெட்ரோல் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், இ.எம்.ஐ. கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன். 'காய்ஞ்சிருச்சா?' என்று விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொட வேண்டியது காரை இல்லை, பக்கத்தில் கிடக்கும் ஸ்பூனை!