ஜொகூரில் கணினித் திரையை ஏன், எப்படிச் சீரமைக்க வேண்டும்?

கணினித் திரையின் நீல ஒளி, விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட உயிரணுக்களைத் தூண்டி, உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்ற இயக்குநீரின் சுரப்பைக் குறைக்கக்கூடியது என்பதால், பொழுது சாய்ந்தபின் திரையின் நிறத்தைச் செம்மஞ்சள் பக்கம் நகர்த்தும் வசதி விண்டோஸ் முதலிய இயங்குதளங்களில் அமைந்துள்ளது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 1.5 பாகையில் உள்ள ஜொகூர் பாருவில், பகலின் நீளம் ஆண்டு முழுவதும் சுமார் 12 மணி நேரமாகவே இருந்து, சூரியன் எப்போதும் மாலை 7 மணியை ஒட்டியே மறைவதால், அவ்வசதியை அந்நேரத்துக்கு ஒருமுறை அமைத்துவிட்டால் பருவந்தோறும் மாற்ற வேண்டியதில்லை. எனினும் நிறத்தை மாற்றுவதோடு நில்லாமல், அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் பிரகாசத்தையும் குறைப்பது இன்றியமையாதது.

எழுத்தைப் பெரிதாக்க விரும்புவோர் பலர் பிரிதிறனை, அதாவது திரையில் காட்டப்படும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துவிடுகின்றனர். திரவப் படிகத் திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை தயாரிப்பின்போதே நிலைபெற்றுவிடுவதால், 1920×1080 புள்ளிகள் கொண்ட திரையில் பிரிதிறனைக் குறைக்கும்போது ஒரு புள்ளிக்குரிய தகவல் அண்டைப் புள்ளிகளுக்கும் பங்கிடப்பட்டு விளிம்புகள் மங்குகின்றன. இ, ண, ஞ போன்ற சுழி மிகுந்த தமிழ் எழுத்துகள் அடைபட்டுத் தோன்றுகின்றன. ஆகவே பிரிதிறனை அதன் இயல்பு அளவிலேயே விட்டு, காட்சி அமைப்புகளில் உருப்பெருக்க விகிதத்தை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துவதே கண்ணுக்கும் எழுத்துக்கும் நலம் பயக்கும் முறையாகும்.