அச்சு எந்திரத்துக்கு ஒரு வண்ண அட்டவணை

பட்டுச்சேலைக் கேட்டலாக் ஒன்றைக் கணினித் திரையில் பார்த்தால் மயில்கழுத்து நிறம் மின்னுகிறது. ஆப்செட்டில் அடித்து வந்த தாளில் அதே சேலை மங்கிக் கிடக்கிறது. பழி பெரும்பாலும் மெஷின்மேன் தலையில்தான் விழும். அவர்மேல் குற்றம் இல்லாமலே இது நடக்கலாம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சிலோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் தாளில் விழும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. திரையின் பளீர் நீலங்களும் பச்சைகளும் பல இந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை.

அந்த எல்லையும் எந்திரத்துக்கு எந்திரம், தாளுக்குத் தாள் மாறும். கோப்பில் ‘சியான் 70, மெஜந்தா 20’ என்று இருப்பது எவ்வளவு மை போட வேண்டும் என்ற கட்டளைதான்; அது எந்த நிறமாக வரும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் அது துலக்கமான நீலமாகும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் சோகை பிடித்த நீலமாகும். இந்த எந்திரத்தில், இந்த மையில், இந்தத் தாளில் இன்ன கட்டளைக்கு இன்ன நிறம் என்று அளந்து எழுதிய அட்டவணையே கலர் புரொஃபைல். நிறத்தை எண்ணாக்க 1976இல் வகுக்கப்பட்ட ‘லேப்’ அளவுமுறை உதவுகிறது: வெளிச்சத்துக்கு ஓர் எண், சிவப்பு–பச்சைக்கு ஒன்று, மஞ்சள்–நீலத்துக்கு ஒன்று. அட்டவணையின் கோப்பு வடிவத்தை, 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடித் தொடங்கிய ஐ.சி.சி. கூட்டமைப்பு வகுத்தது. அதனால் ஒரு மென்பொருள் எழுதியதை மற்றொன்று படிக்க முடிகிறது.

நம் டிசைனர்கள் பலர் போட்டோஷாப்பில் ஏற்கெனவே இருக்கும் புரொஃபைலைத் தொடாமலே வேலை செய்கிறார்கள். அதன் வட அமெரிக்கப் பொது அமைப்பில் இருப்பது ‘யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப்’. அமெரிக்காவில் உருளைத் தாளில் பத்திரிகை அடிக்கும் எந்திரங்களுக்காக உருவான கணக்கு அது. சிவகாசியில் ஷீட் எந்திரத்தில் காலண்டர் அடிப்பவருக்கு அது பொருந்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சொந்தப் புரொஃபைல் செய்ய, முதலில் எந்திரம் ஒரு நிலையில் நிற்க வேண்டும். பிளேட்டில் புள்ளிகள் சரியான அளவில் விழுகின்றனவா, பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டின் அழுத்தம் சரியா, தண்ணீரும் மையும் சமமாக ஓடுகின்றனவா, மையின் அடர்த்தி (டென்சிட்டி) தாள் முழுவதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். புள்ளி தாளில் பருக்கும். அதை டாட் கெயின் என்கிறோம். ஒழுங்கான எந்திரத்தில், ஆர்ட் பேப்பரில் 50 சதவீதப் புள்ளி ஏறக்குறைய 66 சதவீதமாகத் தெரியும். பருப்பது தவறில்லை, தினமும் வெவ்வேறு அளவில் பருப்பதுதான் சிக்கல். சில அச்சகங்களில் அளவெடுப்பதற்கான தாளை அடிக்கும் அன்று மட்டும் புது பிளாங்கெட், உயர்ந்த மை என்று ஏற்பாடு செய்கிறார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தையற்காரரிடம் அளவு கொடுப்பது போலத்தான் இது. வழக்கமாக வேலை ஓடும் நிலையிலேயே அளவெடுக்க வேண்டும்.

அடுத்தது அளவுத் தாள். ஐ.டி.8.7/4 என்ற அட்டையில் 1617 கட்டங்கள் உண்டு. நான்கு மைகளையும் ஒவ்வொரு சதவீதமாகக் கலந்தால் 10,40,60,401 சேர்க்கைகள் வரும். அத்தனையையும் அடித்துப் பார்க்க முடியாது என்பதால் 1617ஐ அளந்து, இடைப்பட்டவற்றை மென்பொருள் கணக்கிடுகிறது. கட்டங்களை வரிசையாக வைக்காமல் கலைத்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. மைத் தொட்டியின் ஒரு பகுதியில் மை கொஞ்சம் கூடினாலும் அந்தப் பிழை ஒரே நிறக் குடும்பத்தில் குவியாது. அதே நோக்கத்தில் அட்டையைத் தாளில் இருமுறை, ஒன்றைத் திருப்பி வைத்து அடிப்பவர்களும் உண்டு. ஓட்டம் நிலைத்த பிறகு வெவ்வேறு நேரங்களில் தாள்களை உருவிக் காய விட வேண்டும். ஈர மை காய்ந்த மையைவிட அடர்த்தியாகத் தெரியும். காய்ந்தபின் நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்து சராசரி எடுக்கிறார்கள். வெள்ளையாகத் தெரிவதற்கு ரசாயனம் சேர்த்த தாள்கள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதால், கருவியை அதையும் கணக்கில் எடுக்கும் எம்1 முறையில் வைப்பது நல்லது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி கறுப்பைத் தீர்மானிப்பதுதான். நான்கு மைகளும் முழுதாக விழுந்தால் மொத்த மை 400 சதவீதம். அது காயாது, மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பருக்கு 300 முதல் 330, செய்தித்தாளுக்கு 240 சதவீதம் போல எல்லை வைப்பார்கள். பிறகு, சாம்பல் நிறத்தை மூன்று வண்ண மைகளால் கட்டுவதா, கறுப்பால் கட்டுவதா? மூன்றால் கட்டினால் மெஜந்தா சிறிது ஏறினாலும் சாம்பல் சிவந்துவிடும். பெரும்பங்கைக் கறுப்பிடம் கொடுத்தால் சாம்பல் அசையாது, வண்ண மையும் மிச்சமாகும். ஆனால் அளவு மீறினால் முகங்களில் சொரசொரப்புத் தெரியும். இதை மென்பொருளிடம் விட்டுவிடாமல், தன் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்து அச்சகமே முடிவு செய்ய வேண்டும்.

நான்கு மைகளால் காட்ட முடியாமல் எல்லைக்கு வெளியே நிற்கும் நிறங்களை உள்ளே கொண்டுவர வழிகள் உண்டு. ‘பர்செப்சுவல்’ முறை படம் முழுவதையும் சேர்த்துச் சுருக்கி, நிறங்களின் உறவைக் காக்கும். ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’ முறை, உள்ளே இருப்பவற்றைத் தொடாமல் வெளியே நிற்பவற்றை மட்டும் ஓரத்துக்கு இழுக்கும். கம்பெனிச் சின்னத்துக்கு இரண்டாவது. மயில்கழுத்துச் சேலைக்கு முதலாவதைச் சோதித்துப் பார்க்கலாம். சேலை திரையில் போல மின்னாவிட்டாலும் மடிப்புகளும் ஜரிகையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கும்.

எல்லா வேலைக்கும் சொந்தப் புரொஃபைல் தேவையில்லை. தரமான ஆர்ட் பேப்பரும் தரமான மையும் இருந்தால், எந்திரத்தை ஐ.எஸ்.ஓ. 12647-2 தரத்துக்குக் கொண்டுவந்து, ஃபோக்ரா என்ற அச்சு ஆய்வு நிறுவனத்தின் அளவீடுகளிலிருந்து செய்த ஆயத்தப் புரொஃபைலைப் பயன்படுத்துவதே மேல். மஞ்சள் சாயலுள்ள மேப்லித்தோ, கிராஃப்ட் அட்டை, மறுசுழற்சித் தாள் போன்றவற்றுக்குத்தான் சொந்த அளவெடுப்பு பலன் தரும். செய்து முடித்ததும் அதன் வழியாக ஒரு படத்தையும் சோதனைப் பட்டையையும் அடித்து அளந்து பார்க்க வேண்டும். மை கம்பெனியோ தாளோ மாறினால் மறுபடி சோதனை. கோப்பின் பெயரில் எந்திரம், தாள், தேதி மூன்றையும் எழுதி, படம் தயாரிக்கும் டிசைனருக்கு வேலை தொடங்கும் முன்பே அனுப்பிவிட வேண்டும்.