ஓட்டக்காரரின் உடலில் ஒரு காந்தம்

பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். "கடைசி இருபது மீட்டரில் எப்படிப் பாய்ந்தான் பார்த்தாயா!" என்று பக்கத்தில் நிற்பவர் வியப்பார். உண்மையிலேயே அவன் கடைசியில் வேகத்தைக் கூட்டினானா? கண் சொல்வதை அப்படியே நம்பலாமா?

2009ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஜமைக்கா வீரர் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராகப் பிரித்து அளந்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி. அடுத்த மூன்று பகுதிகளுக்கு முறையே 1.75, 1.67, 1.61 விநாடி. கடைசிப் பகுதிக்கு 1.66 விநாடி. பார்த்தீர்களா? கடைசியில் நேரம் கூடியிருக்கிறது. அப்படியானால் போல்ட்டின் வேகமும் முடிவில் சற்றுக் குறைந்திருக்கிறது! ஒருவர் முடிவில் பாய்வதுபோல் தோன்றுவது, பெரும்பாலும் மற்றவர்கள் அவரைவிட அதிகமாகத் தளர்வதால்தான்.

கண்ணுக்குத் தெரியாததை அளவுகோல் காட்டுகிறது. இப்படி மனித உடலின் இயக்கத்தை அளந்து ஆராயும் துறைக்கு விளையாட்டு அறிவியல் என்று பெயர். கல்லூரியில் இயற்பியலோ, கணிதமோ, விலங்கியலோ படிக்கப்போகும் நீங்கள் இதைத் துணைப்பாடமாகப் படிக்கலாம். அதனால் என்ன பயன் என்பதை ஓர் அறிஞரின் கதையைக்கொண்டு பார்ப்போம்.

காந்தமும் கம்பிச்சுருளும்

இங்கிலாந்து நாட்டின் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் 1886இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் படித்தது கணிதம். பிறகு ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலால் உடலியங்கியல் பக்கம் திரும்பினார். தவளையின் தசை சுருங்கும்போது எழும் மிகச் சிறிய வெப்பத்தை வெப்ப மின்னிரட்டைகளைக்கொண்டு அளந்தார். இந்த ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

ஹில் தாமே ஓட்டப் பழக்கம் உள்ளவர். ஓடும் மனிதன் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறான் என்று அறிய, முதுகில் பையைக் கட்டி, வெளிவிடும் காற்றை அதில் பிடித்து அளந்தார். சோதனைக்கு உட்பட்டவர்களில் அவரும் ஒருவர்!

1927இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த சோதனை இன்னும் சுவையானது. ஓட்டக்காரரின் உடலில் ஒரு காந்தம். ஓடுபாதையின் ஓரத்தில் குறிப்பிட்ட தொலைவுகளில் பெரிய கம்பிச்சுருள்கள். சுருளைக் காந்தம் கடந்தால் என்ன நிகழும்? பள்ளியில் படித்த மின்காந்தத் தூண்டலை நினைத்துப் பாருங்கள். சுருளில் ஒரு கணம் மின்னோட்டம் எழும். கால்வனோமீட்டர் அதைக் காட்டும். அந்தக் கணங்களைப் பதிவுசெய்தால், எந்த இடத்தை எப்போது கடந்தார் என்பது தெரிந்துவிடும். வேகம் முதலில் விரைந்து ஏறுவதும், ஏற்றம் படிப்படியாகக் குறைவதும், பின் ஓர் உச்சத்தில் நிலைப்பதும் வரைபடமாக வந்தன.

கணிதமும் இயற்பியலும் தெரிந்த ஒருவர் மைதானத்துக்கு வந்ததால் கிடைத்த விளைவு இது.

வியர்வைக் கணக்கு

பந்தயத்தில் வெல்வதற்கு மட்டும்தான் இந்த அறிவியலா? இல்லை. 1990களில் நான் பள்ளியில் படித்தபோது, ஓட்டப் பயிற்சியின் நடுவே தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். "குடித்தால் ஓட முடியாது" என்பார்கள். ஒரு நாள் ஏப்ரல் வெயிலில் என் வகுப்புத் தோழன் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தான். நிழலில் கிடத்தி, ஈரத் துணி போர்த்தி, விசிறினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நாம் அளந்து பார்ப்போமா? 50 கிலோ எடையுள்ள மாணவன் 5 கிலோமீட்டர் ஓடுகிறான். இதற்குச் சுமார் 250 கிலோகலோரி ஆற்றல் செலவாகும். அதில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. குறைத்தே மதிப்பிட்டு 200 கிலோகலோரி என்று கொள்வோம். ஒரு கிலோ உடலின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 0.83 கிலோகலோரி தேவை. எனவே 50 கிலோவுக்கு 41.5 கிலோகலோரி. 200ஐ 41.5ஆல் வகுத்துப் பாருங்கள். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் உடல் வெப்பநிலை 37 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 42 டிகிரியை எட்டிவிடும்! 40 டிகிரியைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நம்மைக் காப்பது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 0.58 கிலோகலோரியை எடுத்துச் செல்கிறது. 200 கிலோகலோரியை நீக்க ஏறத்தாழ 345 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அங்கே வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டிவிடும். சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. எனவே இன்னும் அதிகம் வியர்க்கும். இழந்த நீரை ஈடுசெய்ய வேண்டாமா? உள்ளுறை வெப்பம் என்ற பாடத்தை மைதானத்தில் ஒருவர் நினைத்துப் பார்த்திருந்தால் என் தோழன் விழுந்திருக்கமாட்டான்.

கல்லூரியில் என்ன படிப்பீர்கள்?

முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடம் படிப்பது நம் கல்லூரிகளில் பழைய வழக்கம்தான். அமெரிக்கா போன்ற நாடுகளின் பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டு அறிவியலும் அப்படி ஒரு துணைப்பாடம். உடற்கூறியல், உடலியங்கியல், நெம்புகோலும் விசையும் உடலில் செயல்படும் விதம், சத்துணவு, விளையாட்டு உளவியல், அளவீடு ஆகியவை அதில் இடம்பெறும்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துணைப்பாடம் படித்ததனால் மட்டும் நீங்கள் உடற்கல்வி ஆசிரியராகவோ, இயன்முறை மருத்துவராகவோ ஆகிவிட முடியாது. அவற்றுக்குத் தனிப் பட்டங்கள் உண்டு. முழுநேரமாக உடற்கல்வி படிக்க விரும்புவோருக்கு 1920இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், 2005இல் தோன்றிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. துணைப்பாடமாக இது எல்லாக் கல்லூரிகளிலும் கிடைக்காது, சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைத்தால், உங்கள் முதன்மைப் பாடத்துக்குப் புதிய ஒரு களம் கிடைக்கும். வீரரின் தாவலைக் கணினியில் ஆராயக் கணிதம் வேண்டும். செயற்கைக் கால் வடிவமைக்க இயற்பியல் வேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

மைதானத்தில் 50 மீட்டரை அளந்து, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஐந்து கோடுகளில் ஐந்து நண்பர்கள் கைபேசிக் கடிகாரத்துடன் நிற்கட்டும். புறப்படும் இடத்தில் நிற்பவர் கையை உயர்த்திப் பிடித்து, சட்டென்று கீழே இறக்கட்டும். கை இறங்கியதும் ஒருவர் ஓட வேண்டும். ஐவரும் கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். தம் கோட்டை அவர் கடந்ததும் நிறுத்த வேண்டும். அடுத்தடுத்த நேரங்களைக் கழித்து, ஒவ்வொரு 10 மீட்டரிலும் சராசரி வேகத்தைக் கணக்கிட்டு வரைபடம் வரையுங்கள். ஹில் கண்ட வளைவு உங்கள் தாளிலும் தெரிகிறதா என்று பாருங்கள். பயிற்சிக்கு இடையே தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்!

பள்ளி அணியில் இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் மாணவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் அப்படி இருந்தவன்தான். ஓடுபவருக்கு மைதானத்தில் எவ்வளவு வேலை உண்டோ, அளப்பவருக்கும் அவ்வளவு வேலை உண்டு. கடிகாரத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்!