பழைய வண்டிக்குப் பட்டணத்தில் இடமில்லையா?

ஆண்டு முழுதும் ஆலையிலே உழைத்தான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினான். கோடை விடுமுறையில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, எல்லை கடந்து, அண்டை நாட்டின் தலைநகரைக் காணப் புறப்பட்டான். நகர வாயிலிலே ஒரு பலகை! ‘உன் வண்டியின் புகை ஆகாது, உள்ளே வராதே’ என்கிறது. ஐரோப்பியத் தொழிலாளி இன்று காணும் காட்சி இது. குறைந்த புகை மண்டலம் என்று அதற்குப் பெயர்.

எங்கோ நடப்பதற்கு நமக்கேன் கவலை என்பீர்கள். இலண்டனிலும் பாரிசிலும் ஜெர்மன் நகரங்களிலும் ஈழத் தமிழர் ஆயிரமாயிரம் பேர் வாழ்கிறார்கள். திருமணமென்றும் திருவிழாவென்றும் நாடு விட்டு நாடு காரோட்டிச் செல்கிறார்கள். அவர்களையும் தொடுகிறது இந்தச் சட்டம்.

பெர்லினில் 2008-இல் தொடங்கினார்கள். 4 என்ற எண் பொறித்த பச்சை வில்லையை முன் கண்ணாடியில் ஒட்டினால்தான் நடுநகருக்குள் நுழையலாம். வெளிநாட்டான் என்று விலக்கு இல்லை; ஒட்டாவிட்டால் 100 யூரோ அபராதம். புகையே விடாத மின்சாரக் காருக்கும் வில்லை வேண்டுமாம்! சட்டத்தின் வேடிக்கைதான் என்னே!

பாரிசுக்கு வேறு வில்லை. ‘கிரிட் ஏர்’ என்பார்கள். 2011-க்கு முந்திய டீசல் கார்களுக்கும் 2006-க்கு முந்திய பெட்ரோல் கார்களுக்கும் 2025 ஜனவரியில் வார நாட்களின் பகற்பொழுதை அடைத்துவிட்டார்கள். அரசிடம் நேரே கேட்டால் வில்லை ஏறக்குறைய 5 யூரோதான். இடைத்தரகரின் இணையதளத்தில் வாங்கினாலோ பன்மடங்கு! தபாலில் வரவேண்டியது, ஆகவே புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே கேட்பது நலம்.

இலண்டனில் வில்லையும் இல்லை, காவலனும் இல்லை. கேமரா பார்க்கிறது! 2019-இல் தொடங்கியபோதே நாளொன்றுக்கு 12.50 பவுன் கட்டணம். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு 11 மணிக்கு நுழைந்து 1 மணிக்கு வெளியேறினால் இரண்டு நாள் கணக்கு, 25 பவுன்! வெளிநாட்டு வண்டி முன்கூட்டியே பதிவு செய்யவும் வேண்டும்.

சீமானுக்குக் கவலையில்லை. நேற்று வாங்கிய பெருங்கார். கதவு தானே திறக்கிறது. மாட்டிக்கொள்பவன் யார்? புதுவண்டி வாங்க வக்கற்றவன்!

அப்படியானால் புகை வாழ்க என்கிறோமா? இல்லை, இல்லை! தென்கிழக்கு இலண்டனில், லூயிஷம் பகுதியில், போக்குவரத்து ஓயாத பெருஞ்சாலையருகே வாழ்ந்த சிறுமி எல்லா, 2013-இல் ஆஸ்துமாவால் மாண்டாள். வயது ஒன்பது! அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணமென்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் அப்படி ஒரு தீர்ப்பு அதுவே முதல் முறை. சாலைப் புகையிலே மூச்சுத் திணறுவது யார் வீட்டுப் பிள்ளைகள்? மாளிகைகள் மரங்களுக்கப்பால் அல்லவா நிற்கின்றன!

ஆகவே மண்டலம் வேண்டும். சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதே வழக்கு. 2023 ஆகஸ்டில் இலண்டன் முழுதும் மண்டலம் விரிந்தபோது, பழைய காரை ஒழித்தால் 2,000 பவுன் என்றார்கள். நல்ல ஏற்பாடு! ஆனால் நகருக்குள் குடியிருப்போருக்கு மட்டும். கென்டிலிருந்து பழைய வண்டியில் வேலைக்கு வந்தவனுக்குக் காசு இல்லை, கட்டணம் மட்டும் உண்டு. 2024-இல் அந்த உதவியையும் மூடிவிட்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையோ, ஏழையைத் தடுக்கிறதென்று கூறி மண்டலங்களையே ஒழிக்க 2025-இல் வாக்களித்தது. ஏழையின் காருக்குப் பரிந்தார்கள், சரி. அவன் பிள்ளையின் நுரையீரலுக்குப் பரிந்தது யார்?

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. இலண்டன் காணச் செல்வோர், மண்டலத்துக்கு வெளியே எசெக்சில் உள்ள எப்பிங் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுச் சுரங்க ரயிலேறலாம். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் வரை, பெரியவர் ஒருவருடன் சென்றால் டிக்கெட்டும் இல்லை.