பட அட்டவணை

பிறர் ஏவாமல் ஒரு காரியத்தைத் தொடங்கி முடித்தல் நமக்கு எளிதாகவே தோன்றுகின்றது. ஆட்டிசம் உடைய சிறார் பலர்க்கு அஃது அத்துணை எளிதன்று. தொழிலைச் செய்ய அவர் அறிவர். ஒன்று முடிந்தபின் அடுத்ததற்குச் செல்லுமிடத்தேதான் தயங்கி நிற்பர். உடனே ஆசிரியர் வாய்ச்சொல்லால் ஏவுகின்றார். மறுநாளும் மாணாக்கன் அச்சொல்லையே எதிர்நோக்கி நிற்கின்றான். உதவியே தளையாகிவிடுகின்றது.

இத்தளையை அவிழ்க்கக் கண்ட உபாயங்களுள் ஒன்று பட அட்டவணை. அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் எரிக் ஷாப்ளர் முதலியோர் முயற்சியால் 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற 'டீச்' என்னும் திட்டம், இச்சிறாருட் பலர் காதினும் கண்ணால் எளிதிற் கற்பர் எனக் கொண்டு, அன்றாட நிகழ்ச்சிகளைப் படங்களாக நிரைப்படுத்தி வைத்தது. சொல் மறையும், படம் நிற்கும்.

1993-ஆம் ஆண்டில் மக்டஃப், கிராண்ட்ஸ், மக்ளனஹான் என்னும் மூவர் நான்கு சிறுவரைக்கொண்டு செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். பக்கத்துக்கு ஒரு படமாக அமைந்த ஏட்டைச் சிறுவன் திறப்பான். அதிற் கண்ட பொருளை எடுத்துத் தொழிலை முடிப்பான். பொருளை இருந்த இடத்தில் வைத்து மீண்டு வந்து பக்கம் புரட்டுவான். இதனைப் பயிற்றும் ஆசிரியர் பின்னே நின்று, பேசாது, கையை மட்டும் பற்றி நடத்துவார். பேசினால், ஏடு இருக்கவேண்டிய இடத்தில் ஆசிரியர் வந்து நின்றுவிடுவாரன்றோ! நாளடைவில் அவர் கை சிறுவனின் முழங்கைக்கும் தோளுக்குமாக விலகும். பின்பு தொடாது நிழல்போல் தொடரும். இறுதியில் அவரே எட்ட நிற்பார். அப்பால் படங்களின் வரிசையை மாற்றியும், புதிய படங்களை வைத்தும் பார்த்தனர். சிறுவர் கலங்காது தொடர்ந்தனர். அவர் மனப்பாடம் செய்தது ஒரு வரிசையை அன்று. ஏட்டைப் பின்பற்றும் முறையையே கற்றிருந்தனர்.

ஆசிரியருக்கு அடிமையாயிருந்தவனைப் படத்துக்கு அடிமையாக்குவதோ என்னும் ஐயம் எமக்கும் எழுந்தது. ஆயினும், கல்லூரிச் சுவரிலுள்ள கால அட்டவணையை ஆண்டிறுதி வரையிலும் எட்டி எட்டிப் பார்க்கும் யாம் இதனை வினவுதல் சற்று நகைப்புக்குரியதே. பழகிவிட்டான் என்று மாணாக்கனிடமிருந்து ஏட்டைப் பறித்தல், நன்றாகப் படிக்கின்றான் என்று மூக்குக்கண்ணாடியைப் பறித்தலை ஒக்கும்.

வலிய வினா வேறொன்றுண்டு. ஏட்டை நிரப்புபவர் யார்? வரிசை முழுவதையும் ஆசிரியரே வகுப்பாராயின், அது வாய் திறவாத ஏவலேயாகும். மழையால் விளையாட்டு நின்றால், அப்படத்தின்மேல் மாற்றக்குறி இட்டு முன்னரே காட்டுதல் ஓரளவு உதவும். அதனினும் சிறந்தது, ஒரு பக்கத்தை வெறுமையாய் விட்டு, ஊஞ்சலோ ஓவியமோ, விரும்பிய படத்தை மாணாக்கனே எடுத்து ஒட்டச் செய்தல். அவன் கை எதன்மேற் செல்கின்றது என்று, இம்முறை ஆசிரியரே காத்து நிற்பார்.