தலைப்பிரசவம் ஏன் நீள்கிறது?

முதன்முறையாகத் தாயாகப் போகும் பெண் பிரசவ அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” வெளியே காத்திருக்கும் அவள் தாயும் கணவனும் கேட்பதும் அதுவே. அடுத்த பேறுகளில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவது, முதற் பேற்றில் ஒரு பகலையோ ஓர் இரவையோ முழுதும் எடுத்துக்கொள்ளக் கூடும். இந்நீட்சி தன்னளவில் நோயன்று. ஆயினும், அது எவ்விடத்தில் ஆபத்தாக மாறுகிறது என்பதை அறிவது தாய், சேய் ஆகிய இரு உயிர்களையும் காக்கும் அறிவாகும்.

வலியின் தொடக்கம்

நிறைமாதத்தில் அவ்வப்போது தோன்றி மறையும் வலியை நம் பெண்கள் ‘சூட்டு வலி’ என்பர். அது ஓய்வெடுத்தால் தணியும். அதற்கு ஒழுங்கான இடைவெளி இல்லை. மெய்யான பிரசவ வலியோ பெரும்பாலும் முதுகில் தொடங்கி அடிவயிற்றுக்குப் பரவும். நேரம் ஆக ஆக இடைவெளி குறைந்து, வலிமை மிகும்.

தலைப்பிரசவத்தில் இத்தொடக்க நிலையே பல மணி நேரம் நீடிப்பதுண்டு. மருத்துவமனைக்கு விரைந்து வந்த பெண், “இன்னும் நேரமிருக்கிறது” என்ற சொல்லைக் கேட்டு மனம் தளர்கிறாள். பட்ட வலியெல்லாம் வீண் என எண்ணுகிறாள். உண்மையில் ஒரு வலியும் வீணாவதில்லை. முன்பே ஈன்றவளுக்குக் கருப்பையின் வாய் மெலிவதும் திறப்பதும் ஏறக்குறைய ஒருங்கே நிகழும். முதற் பேற்றிலோ அது முதலில் மெலிந்து குறுகுகிறது. பிறகே திறக்கத் தொடங்குகிறது. இடுப்பின் அடித்தளத் தசைகளும் முதன்முறையாக விரிந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. காலதாமதத்தின் காரணம் இதுவே.

காலத்தை அளந்த கதை

கருப்பை வாய் சுமார் 10 சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்தால்தான் குழந்தையின் தலை வெளிவர இயலும். இத்திறப்பை நேரத்தோடு இணைத்து வரைபடமாக 1954-இல் வெளியிட்டவர் அமெரிக்க மருத்துவர் இம்மானுவேல் ஃப்ரீட்மன். பின்னர் 1972-இல் ஆப்பிரிக்காவில் பில்பாட், காசில் என்னும் இருவர் அவ்வரைபடத்தில் எச்சரிக்கைக் கோடு ஒன்றைச் சேர்த்தனர். மணிக்கு 1 சென்டிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அக்கோடு தாண்டப்படும். கிராமத்திலுள்ள மருத்துவச்சி தாயை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். எளிய தாள் ஒன்று எண்ணற்ற உயிர்களுக்குக் காவலாயிற்று.

எனினும், எல்லாப் பெண்களும் ஒரே வேகத்தில் முன்னேறுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மணிக்கு 1 சென்டிமீட்டர் என்பது சில பெண்களுக்கு மிகையான வேகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. அதன் வழிகாட்டுதலின்படி, திறப்பு 5 சென்டிமீட்டரை எட்டிய பின்னரே தீவிர நிலை தொடங்குகிறது. அதன் பிறகு முழுத் திறப்புக்கு முதற் பேற்றில் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. முழுதும் திறந்தபின் குழந்தை பிறக்க 3 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் சேயும் நலமாயிருக்கும்வரை, மெதுவான முன்னேற்றம் ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு பிரசவத்தை விரைவுபடுத்தலாகாது.

அவசரத்தின் ஆபத்து

ஒவ்வொரு வலியின்போதும் கருப்பைத் தசை இறுகுவதால் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வலி தணிந்த இடைவெளியில்தான் குழந்தைக்கு வேண்டிய பிராணவாயு மீண்டும் நிறைவாகக் கிடைக்கிறது. தாயின் இளைப்பாறல் சேயின் மூச்சாகவும் அமைவது வியக்கத்தக்கது.

இயற்கையாகச் சுரந்து கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசினை 1953-இல் வின்சென்ட் டூ விக்னோ ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1955-இல் நோபெல் பரிசும் பெற்றார். தேவை கண்டு, அளவறிந்து, கண்காணிப்புடன் செலுத்தினால் அது அருமருந்து. வீட்டிலோ, வசதியற்ற இடத்திலோ ‘சீக்கிரம் பிறக்கட்டும்’ என்று போடப்படும் வலியூசி அந்த இடைவெளியையே பறித்துவிடும்; குழந்தை மூச்சுத் திணறலாம், கருப்பை கிழியவும் கூடும். வயிற்றை மேலிருந்து அழுத்தித் தள்ளுவதும் தீங்கானது. அதே ஆக்ஸிடோசின், குழந்தை பிறந்தவுடன் 10 அலகு செலுத்தப்பட்டால், தாயின் உயிரைக் குடிக்கும் இரத்தப்போக்கைத் தடுக்கிறது. மருந்து ஒன்றே, வேளைதான் வேறு.

அருகிருக்கும் துணை

தொடர்ந்து ஒருவர் உடனிருந்து தேற்றினால் பிரசவ நேரம் சற்றுக் குறைகிறது. அறுவைச் சிகிச்சையின் தேவையும் குறைகிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பீடு இதை உறுதி செய்தது. அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வழிசெய்தது. முதுகை நீவும் கை, ஒரு மிடறு நீர், எழுந்து நடக்க ஒரு தோள் ஆகியவையும் மருத்துவத்தின் பகுதியே.

இந்தியாவில் மருத்துவ நிலையங்களில் நிகழும் பிரசவங்கள் 2005-06-இல் நூற்றுக்கு சுமார் 39. 2019-21-இல் சுமார் 89. ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2004-06-இல் 254 ஆக இருந்த தாய்மார் மரணம் 2018-20-இல் 97 ஆகக் குறைந்தது. இன்னும் குறைய வேண்டும்.

பனிக்குடம் உடைந்தாலோ, உடைந்த நீர் பச்சை நிறமாயிருந்தாலோ, இரத்தம் பெருகினாலோ, கடுந்தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, காய்ச்சல் கண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கணமும் தாமதியாமல் மருத்துவமனை சேர வேண்டும். இவையின்றி, நாடியும் குழந்தையின் இதயத் துடிப்பும் சீராயிருப்பின், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்கும் பெண்ணிடம் நாம் கூறத்தக்க விடை இதுதான்: “உன் உடல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அம்மா, நாங்கள் பார்த்துக்கொண்டு உடனிருக்கிறோம்.”